பதினெட்டு முடிந்த பிள்ளைக்கு யார் துணை?



கீரிப்பாறை பகுதிக் குழுக்களின் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து எங்களிடம் இப்படிக் கேட்டார்: "பிள்ளையள ஹோமுல சேக்கதுக்கு நீங்க எல்லாம் ஓடி ஓடி உதவி செய்யுதிய. சரி. பதினெட்டு வயசு ஆனதும் பெட்டியக் கையில குடுத்து அனுப்பிருவாவ. பொறவு அதுவள யாரு பாக்கது?"

ஐந்து நிமிஷத்தில் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை இது. அதனால் இந்த மாதப் பாடமாக இதையே எடுத்துக்கொண்டோம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குழுக் கூட்டத்தில் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

யார் இந்தப் பிள்ளைகள்?

நம் பகுதியில் அரசு ரப்பர் கழகத் தோட்டத்தில் பால் வெட்டுகிற குடும்பங்கள் உண்டு. மலையில் காணிக்காரர் குடியிருப்புகள் உண்டு. கேரளாவுக்குக் கூலி வேலைக்குப் போய் வருகிறவர்களும் உண்டு. அப்பா இறந்து போகிறார், அம்மா இன்னொரு வாழ்க்கை தேடிப் போகிறாள், அல்லது ரெண்டு பேருமே இல்லை என்று ஆகிறது. பாட்டியோ சித்தியோ கொஞ்ச நாள் பார்ப்பார்கள். முடியாதபோது பிள்ளை ஹோமுக்குப் போகிறது. நாம் அதை 'போர்டிங்' என்று சொல்லிக்கொள்கிறோம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் போர்டிங்கில் படிக்கிற பிள்ளைக்கு லீவுக்கு வர ஒரு வீடு இருக்கும். ஹோமில் வளர்கிற சில பிள்ளைகளுக்கு அது கிடையாது.

ஹோம் தவிர இன்னொரு வழியும் சட்டத்தில் இருக்கிறது. அதற்கு 'வளர்ப்புப் பராமரிப்பு' என்று பெயர். பெற்றோரால் பார்க்க முடியாத பிள்ளையை, குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு, வேறொரு குடும்பம் தன் வீட்டில் வைத்து வளர்ப்பது. இது தத்து இல்லை. பிள்ளைக்குச் சொத்துரிமை வராது, குடும்பப் பெயரும் மாறாது. முன்பு தம்பதியருக்கு மட்டுமே இருந்த இந்த வாய்ப்பு, 2024-ல் திருத்திய வழிகாட்டுதலின்படி 35 முதல் 60 வயது வரை உள்ள தனித்து வாழும் பெண்களுக்கும் உண்டு. கணவரை இழந்த நம் சகோதரிகள் இதைக் கவனித்துக்கொள்ளவும்.

எந்த வழியில் வளர்ந்தாலும் 18 வயது முடிந்த அன்று சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை குழந்தை இல்லை. மற்றப் பிள்ளைகள் பிறந்த நாளைக்குக் காத்திருப்பார்கள். இந்தப் பிள்ளைகளில் சிலர் அந்தப் பிறந்த நாளை நினைத்துப் பயப்படுகிறார்கள். "நான் எங்கக்கா போவேன்?" என்று பிளஸ் டூ பரீட்சைக்கு ரெண்டு மாதம் இருக்கும்போது ஒரு பெண் எங்களிடம் கேட்டாள். அவள் கையில் இருந்தது கணக்குப் புஸ்தகம். அவள் மனசு அதில் இல்லை.

முதல் ஆறு மாதம்

நம் வீட்டுப் பிள்ளைக்கு 18 ஆனால் என்ன செய்கிறோம்? சோறு போடுகிறோம், திட்டுகிறோம், காலேஜுக்கு அப்ளிகேஷன் வாங்கப் போகிறோம், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம். 25 வயதிலும் இது நிற்பதில்லை. ஹோமில் வளர்ந்த பிள்ளைக்கு மட்டும் ஒரே நாளில் எல்லாம் தெரிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் படிப்பு, மணி அடித்தால் தூக்கம் என்று வளர்ந்தவள் அவள். தானாகக் கடைக்குப் போய் அரைக் கிலோ அரிசி வாங்கியிருக்க மாட்டாள். வாடகைக்கு முன்பணம் என்றால் என்ன என்று தெரியாது. தனியாக பஸ் ஏறியிருக்க மாட்டாள். இதில் அவளுடைய குறை எதுவும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆட்கள் வருவார்கள். நாங்கள் பார்த்தவரையில் மூன்று பேர் வருகிறார்கள்.

முதலில் வருபவர் கல்யாணத் தரகர், இல்லையென்றால் தூரத்துச் சொந்தம். "பதினெட்டு முடிஞ்சாச்சு, கழுத்துல ஒண்ணு கட்டிட்டா நம்ம பாரம் தீந்துது" என்பார்கள். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க அவளுக்கு ஆள் இல்லை. அவன் ஏற்கெனவே கல்யாணம் ஆனவனா என்றுகூட யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

அடுத்தவர் மில் ஏஜெண்ட். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் பெண் பிள்ளைகளை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் அடைத்துவைத்து வேலை வாங்கிய கதை நமக்குத் தெரியும். முடிவில் மொத்தப் பணம் தருவோம் என்பார்கள், நடுவில் முடியாமல் வெளியே வந்தவளுக்குக் கையில் ஒன்றும் நிற்காது. பெயர் மாறினாலும் இதே மாதிரி பேச்சோடு வருகிற ஏஜெண்டைக் கவனிக்க வேண்டும். தங்க இடமும் சாப்பாடும் சேர்த்துத் தருகிற வேலை என்றால், போக்கிடம் இல்லாத பிள்ளை உடனே தலையை ஆட்டிவிடும்.

மூன்றாவது ஆள் பணத்தைத் தேடி வருபவர். கொரோனாவில் அப்பா, அம்மா இருவரையும் இழந்த குழந்தைகளுக்குத் தமிழ்நாடு அரசு 2021-ல் ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை அறிவித்தது. 18 வயது முடியும்போது வட்டியோடு கிடைக்கும். நல்ல திட்டம். ஆனால் 18 வயதுப் பிள்ளையின் கணக்கில் அவ்வளவு பணம் வந்து விழுந்தால், பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத மாமனும் வருவான் என்பதை யோசிக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த பி.எம். கேர்ஸ் குழந்தைகள் திட்டம் நிதானமாக இருக்கிறது என்பது எங்கள் கருத்து. அதில் 18 முதல் 23 வயது வரை மாதாமாதம் உதவித்தொகை, 23 வயதில்தான் 10 லட்சம் ரூபாய்.

சட்டம் என்ன சொல்கிறது?

2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-வது பிரிவு, 18 வயது முடிந்து ஹோமை விட்டு வெளியே போகும் பிள்ளைக்குப் பண உதவி செய்யலாம் என்கிறது. இதற்கு 'பிற்காப்பு' என்று பெயர். 21 வயது வரை கிடைக்கும். தனிக் காரணம் இருந்தால் 23 வரை நீட்டலாம் என்று 2016-ஆம் வருஷத்து விதிகள் சொல்கின்றன. மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022 வழிகாட்டுதலில் இதற்கு மாதம் 4,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள்.

விதிகளில் பணம் மட்டும் இல்லை. ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தற்காலிகமாகத் தங்க வீடு, தொழிற்பயிற்சிக்கு உதவித்தொகை, சொந்தத் தொழிலுக்குக் கடன், தொடர்ந்து பேசிக்கொண்டிருக்க ஒரு ஆலோசகர் என்று வரிசையாக எழுதியிருக்கிறது. படித்தால் மனசுக்கு நிறைவாக இருக்கும்.

ஆனால் சட்டத்தில் இருக்கும் சொல்லைக் கவனியுங்கள்: 'செய்யலாம்'. 'செய்ய வேண்டும்' என்று இல்லை. கேட்காத பிள்ளைக்குத் தானாக வராது. இந்தத் திட்டத்தைப் பிள்ளை வெளியேறுவதற்கு இரண்டு மாதம் முன்பே எழுதி, குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆகவே 17 வயதிலேயே கேட்கத் தொடங்க வேண்டும். யாரைக் கேட்பது? ஹோம் நிர்வாகியை, அடுத்து நாகர்கோவிலில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை. ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதி, நகல் எடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். லோன் மனு கொடுத்துப் பழகிய நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று. சட்டத்தின் வாசகம் ஹோமிலிருந்து வெளியேறுபவர்களைப் பற்றியே பேசுகிறது. சொந்தக்காரர் வீட்டிலோ வளர்ப்புக் குடும்பத்திலோ வளர்ந்த பிள்ளைக்கு மாத உதவி வந்துகொண்டிருந்தால் அது 18-ல் நின்றுவிடும். அந்தப் பிள்ளைகளுக்கு அலகில் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 2014-ல் ஒரு சட்டம் போட்டார்கள். வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளை, இரண்டு தரப்புக்கும் சம்மதம் என்றால், 21 வயது வரை அதே வீட்டில் இருக்கலாம், அரசு உதவும். அப்படி ஒரு ஏற்பாடு இங்கேயும் வேண்டும் என்று கிராமசபையில் நாம் பேசலாம், தப்பில்லை.

நாகப்பட்டினத்தில் நடந்தது

சுனாமியை நமக்குச் சொல்லித்தர வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலும் மணக்குடியும் கொட்டில்பாடும் பட்ட பாட்டை நம் மாவட்டம் மறக்காது. அன்றைக்குத் தமிழ்நாட்டில் மிக அதிகமாக உயிர் போன மாவட்டம் நாகப்பட்டினம். அங்கே பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அன்னை சத்யா அரசுக் குழந்தைகள் காப்பகம் தொடங்கினார்கள். சுனாமி முடிந்த கையோடு அந்த மாவட்டத்துக்குக் கலெக்டராக வந்த ஜெ.ராதாகிருஷ்ணனும் அவர் மனைவி கிருத்திகாவும் அந்தப் பிள்ளைகளோடு நெருக்கமாகப் பழகினார்கள். மிகச் சின்ன வயதில் வந்த இரண்டு பெண் பிள்ளைகளும் அதில் உண்டு.

இதுவரை எந்த அதிகாரியும் செய்யக்கூடியதுதான். அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். அவருக்கு மாறுதல் வந்தது. வேறு வேறு ஊர், வேறு வேறு துறை. ஆனாலும் அந்தப் பிள்ளைகளைப் பார்க்க வருவதை நிறுத்தவில்லை. படிப்பைக் கேட்டார், வளர்ந்த பிறகும் தொடர்பில் இருந்தார். 18 முடிந்ததும் அந்த இரண்டு பெண்களுக்கும் நாகப்பட்டினத்துத் தம்பதியர் தங்கள் வீட்டில் இடம் கொடுத்தார்கள் என்று செய்திகளில் வந்தது. 2022-ல் ஒரு பெண்ணுக்கும் 2025-ல் இன்னொரு பெண்ணுக்கும் கல்யாணம் நடந்தபோது, ராதாகிருஷ்ணன் குடும்பம் பெற்றவர்கள் இடத்தில் நின்று நடத்திவைத்தது.

"அவரு கலெக்டரு, அவருக்கு எல்லாம் நடக்கும். எங்களுக்கு என்ன இருக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். அதிகாரம் இருந்தது, உண்மை. ஆனால் மாறுதலாகிப் போன ஊருக்குத் திரும்பத் திரும்ப வருவதற்கு எந்த அதிகாரமும் தேவையில்லை. அந்த ஊர்த் தம்பதியர் வீட்டில் இடம் கொடுத்ததும் உத்தரவால் நடந்தது இல்லை. பதினேழு, பதினெட்டு வருஷம் ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார் என்பதைத்தான் நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதை ஒரு பால்வெட்டுத் தொழிலாளியும் செய்யலாம்.

துணை அக்கா என்ன செய்வார்?

எங்கள் யோசனை: வெளியே வரும் ஒரு பிள்ளைக்கு ஒரு குழுவிலிருந்து இரண்டு பேர் துணை நிற்பது. 'துணை அக்கா' என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஏன் இரண்டு பேர் என்றால், ஒருவர் மகள் பிரசவத்துக்குப் போனால் இன்னொருவர் இருப்பார். பேச்சு வந்தாலும் சாட்சிக்கு ஒரு ஆள் இருக்கும். யார் துணை நிற்கிறார்கள் என்பது குழுத் தீர்மானத்தில் இருக்க வேண்டும், மாவட்ட அலகுக்கும் தெரிய வேண்டும். தெரியாமல், எழுதாமல் ஒரு வயசுப் பிள்ளையின் வாழ்க்கையில் நுழையக் கூடாது. ஆண் பிள்ளைகளுக்கும் துணை வேண்டும். "அவன் ஆம்பள, பொழச்சுக்குவான்" என்று விட்ட பையன்கள் எத்தனை பேர் கேரளாவில் காண்ட்ராக்டர் ஷெட்டில் கிடக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களுக்கு ஊரில் மரியாதை உள்ள ஆசிரியரோ, உறுப்பினரின் கணவரோ ஒரு அக்காவோடு சேர்ந்து நிற்கலாம்.

முதல் வேலை காகிதம். ஆதாரில் ஹோம் முகவரியும் ஹோம் போன் நம்பரும் இருக்கும். வெளியே வந்த பிறகு ஓ.டி.பி. யாருக்குப் போகும்? அதை மாற்ற வேண்டும். மைனர் பெயரில் உள்ள பேங்க் கணக்கை 18 ஆனதும் அவள் கையெழுத்தில் மாற்ற வேண்டும். பிறப்புச் சான்று, மாற்றுச் சான்று, மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, வாக்காளர் அட்டை எல்லாம் ஒரு உறையில் அவள் கையில் இருக்க வேண்டும். நகல் மட்டும் துணை அக்காவிடம் இருக்கட்டும். காணிக்காரர் பிள்ளைகளுக்குப் பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் கொடுப்பது. அப்பா அம்மா சான்று இல்லாமல் அலைய வேண்டிவரும், அதனால் முன்கூட்டியே தொடங்குங்கள். இந்த உறை சரியாக இருந்தால் பாதி வழி வந்த மாதிரி. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் இந்தக் காகிதங்கள்தான் வேண்டும்.

அடுத்தது பணம். 4,000 ரூபாய் வந்தாலும் நாகர்கோவிலில் தங்கும் இடத்துக்குக் கொடுத்தது போக மிச்சம் சொற்பம். குழுக் கணக்கு எழுதுகிற மாதிரி ஒரு நோட்டில் வரவும் செலவும் எழுதப் பழக்குங்கள். 18 முடிந்தவள் என்பதால் அவள் குழுவிலேயே உறுப்பினராகச் சேரலாம், வாரச் சேமிப்பு போடலாம். ஆனால் துணை அக்கா அவளுக்குச் சொந்தப் பணம் கடன் கொடுப்பதும், அவளிடம் வாங்குவதும், அவள் லோனுக்கு ஜாமீன் நிற்பதும் கூடாது. கடன் நடுவில் வந்தால் அவள் போனை எடுக்க மாட்டாள். தவணை கட்டாத உறுப்பினர் நம்மைக் கண்டதும் வேறு வழியாகப் போவதை நாம் பார்க்காததா? வைப்புத்தொகை உள்ள பிள்ளை என்றால், உடனே எடுக்காமல் ஒரு பகுதியை மறுபடியும் டெபாசிட் போடும்படி பேங்க் மேனேஜர் முன்னால் பேசலாம். முடிவு அவளுடையது.

மூன்றாவது, போன். வாரம் ஒரு நாள், ஒரே நேரம். நம் பகுதியில் காலையில் பால் வெட்டப் போனால் மத்தியானம் வரை நேரம் இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று வைத்துக்கொள்ளலாம். "சாப்பிட்டியா மக்ளே? சம்பளம் வந்துதா? யாரும் தொந்தரவு பண்ணுதாவளா?" இது போதும். பிரச்சினை வந்தால் மட்டும் கூப்பிடு என்று சொன்னால் அவள் கூப்பிடவே மாட்டாள். தொந்தரவு கொடுக்கிறோமோ என்று நினைப்பாள்.

பழைய கதையைத் துருவிக் கேட்காதீர்கள். அப்பா எப்படி இறந்தார், அம்மா ஏன் போனாள் என்று கேட்கத் தோன்றும். ரப்பர் மரத்தில் கத்தி பட்டையோடு நிற்க வேண்டும், ஆழமாக இறங்கினால் மரமே கெட்டுப்போகும் என்று உங்களுக்குத் தெரியும். அவளாகச் சொன்னால் கேளுங்கள், கேட்டதைக் குழுவில் சொல்லாதீர்கள். குழுவுக்குத் தெரிய வேண்டியது அவள் நலமாக இருக்கிறாளா, என்ன உதவி வேண்டும் என்பது மட்டும். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அவளை யாராவது அடித்தாலோ, கெட்ட எண்ணத்தோடு நெருங்கினாலோ, சாகப்போகிறேன் என்று அவள் பேசினாலோ ரகசியம் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. 18-க்குக் கீழ் என்றால் 1098, மேல் உள்ள பெண் என்றால் 181, உடனே கூப்பிட வேண்டும்.

கல்யாணப் பேச்சு வந்தால்? துணை அக்கா தரகர் ஆகக் கூடாது. நம் அண்ணன் மகனுக்குக் கேட்டுப் பார்ப்போம் என்ற நினைப்பும் வேண்டாம். வரதட்சணை இல்லாமல் பெண் கிடைக்கிறாள் என்ற கணக்கு அதில் ஒளிந்திருக்கும். "உனக்கு இப்ப வேணுமா?" என்று முதலில் அவளைக் கேளுங்கள். வேண்டும் என்றால் மாப்பிள்ளை ஊருக்கு நாலு பேராகப் போய் விசாரியுங்கள், பதிவு செய்யச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால், வேண்டாம் என்று சொல்லத் துணைக்கு நில்லுங்கள்.

பண்டிகையை நாங்கள் கடைசியில் சொல்கிறோம், ஆனால் சில பிள்ளைகள் எங்களிடம் முதலில் சொன்னது அதுதான். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஹாஸ்டல் காலியாகிவிடும். எல்லாரும் ஊருக்குப் போவார்கள். "லீவு விட்டா எனக்குப் பயமா இருக்கும்" என்று ஒரு பெண் சொன்னாள். நர்சிங் படிக்கிறவள், ராத்திரி டூட்டிக்குப் பயப்படாதவள். அவளுக்கு வேண்டியது ஒரு இலைச் சாப்பாடும், "அடுத்த வருஷமும் வந்துரு" என்று சொல்ல ஒரு ஆளும்.

குழுவில் பேச வேண்டியவை

நம் ஊரில் ஹோமிலோ சொந்தக்காரர் வீட்டிலோ வளர்ந்து, இந்த வருஷம் 17 நடக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்? பெயரைத் தீர்மான நோட்டில் எழுத வேண்டாம், எண்ணிக்கை போதும்.

ஊராட்சித் தலைவர் தலைமையில் இயங்க வேண்டிய கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு நம் ஊரில் கடைசியாக எப்போது கூடியது? அதில் நம் கூட்டமைப்பின் பிரதிநிதி யார்?

நம் குழுவில் துணை அக்காவாக நிற்க யார் இரண்டு பேர் தயார்? மூன்று வருஷம் தொடர முடியுமா என்று வீட்டில் பேசிவிட்டு அடுத்த கூட்டத்தில் பெயர் கொடுங்கள். ஆறு மாதம்தான் முடியும் என்றால் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பெயர் கொடுத்தவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைக்கிறோம். தேதியை ஊக்குநர் மூலமாகச் சொல்லி அனுப்புவோம். பால்வெட்டு இல்லாத நாளாகப் பார்த்து வைக்கிறோம்.